கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா?

தருமபுரி மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து 42 வயது வாசகி ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு, சாரத்தை மட்டும் தருகிறேன்.

கணவர் கொத்தனார். இரண்டு பிள்ளைகள். இரண்டாவது பிரசவத்தோடு குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டார். வீட்டை ஒட்டி மல்பெரித் தோட்டமும் பட்டுப்புழு மனையும் இருக்கின்றன. தழை வெட்டுவது, கட்டுக் கட்டாகச் சுமந்து வருவது, வேளை தவறாமல் புழுக்களுக்குத் தழை போடுவது எல்லாம் இவர் பொறுப்பு. ஒன்றரை ஆண்டாக மாதவிலக்கு ஒன்பது, பத்து நாட்கள் நீடிக்கிறது. முதல் மூன்று நாட்கள் கட்டி கட்டியாகப் போகிறது. நாப்கினுக்கு மேல் பழைய புடவைத் துணியை மடித்து வைத்துக்கொண்டுதான் தோட்டத்தில் இறங்குகிறார். தழைக் கட்டைத் தூக்கினால் மூச்சு வாங்குகிறது, கண் இருட்டுகிறது.

பக்கத்து ஊர் தனியார் மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்தபோது, கர்ப்பப்பை சற்று வீங்கியிருப்பதாகவும் 3 செ.மீ. அளவில் ஒரு கட்டி இருப்பதாகவும் வந்தது. ரத்தத்தில் ஹீமோகுளோபின் 7.6. "இரண்டு பிள்ளை பெற்றாயிற்று, இனி அது எதற்கு? விட்டு வைத்தால் புற்றுநோயாகிவிடும்" என்று சொல்லி, கர்ப்பப்பையை எடுக்க 65,000 ரூபாய் கேட்டிருக்கிறார்கள். சங்கிலியை அடகு வைத்து, மீதிக்கு மகளிர் குழுவில் கடன் வாங்கலாம் என்று யோசிக்கிறார்.

மாமியாருக்கு ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுக்க 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் தன்னார்வலர் வீட்டுக்கு வருகிறார். அதே தெருக்காரர். அவரிடம் சொன்னால் சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிடும் என்று வாய் திறக்கவில்லை. கிராம சுகாதார செவிலியர் இரண்டு முறை கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் சோதனைக்கு அழைத்தும், 'அதான் ஸ்கேன் எடுத்தாயிற்றே' என்று போகவில்லை.

கடைசிப் பக்கத்தின் ஓரத்தில், வேறு நிற மையில், நெருக்கி எழுதிய சில வரிகள் இருக்கின்றன. ரத்தப்போக்கு நாட்களில் உடலுறவுக்கு மறுத்தால், குடித்திருக்கும்போது கணவர் அடிக்கிறார். "கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் இந்தச் சண்டையும் ஓய்ந்துவிடும் என்று நினைக்கிறேன். போலீசுக்கெல்லாம் போக முடியாது. வீடு மாமியார் பெயரில் இருக்கிறது. வெளியே போ என்றால் எங்கே போவேன்?"

அன்புச் சகோதரி,

உங்கள் கடிதத்தில் என்னை முதலில் கவலைப்படுத்தியது ஸ்கேனில் வந்த கட்டி அல்ல, 7.6 என்ற எண். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் குறையக் கூடாது. 8-க்குக் கீழே போனால் அது கடுமையான ரத்தசோகை. மூச்சு வாங்குவதும் கண் இருட்டுவதும் வயதாவதாலோ வேலை அலுப்பாலோ வருபவை அல்ல. உடலுக்குப் போதிய ஆக்சிஜனைக் கொண்டு சேர்க்க உங்கள் ரத்தத்தால் முடியவில்லை. அதை ஈடுகட்ட இதயம் கூடுதலாக உழைக்கிறது. இந்த நிலையில், அவசரமில்லாத எந்த அறுவை சிகிச்சையையும் செய்யக் கூடாது. முதலில் ஹீமோகுளோபின் அளவை உயர்த்த வேண்டும். உங்களிடம் தேதி குறிக்கப் பேசியவர்கள் இதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு காரணத்துக்காகவே இன்னொரு மருத்துவரின் கருத்தைக் கேளுங்கள் என்பேன்.

தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருப்பதாகத் தேசிய குடும்பநல ஆய்வு சொல்கிறது. ஊரில் எல்லாப் பெண்களும் களைத்துத்தான் இருக்கிறார்கள் என்பதால், களைப்பையே இயல்பு என்று நினைத்துவிடுகிறோம். உங்கள் அளவுக்கு மாத்திரை மட்டும் போதாமல் போகலாம். அரசு மருத்துவமனையில் இரும்புச் சத்தை நரம்பு வழியாக ஏற்றுவார்கள்; தேவைப்பட்டால் ரத்தமும் ஏற்றுவார்கள். அதுவரை மாத்திரை சாப்பிட்டால் டீயோடு சேர்த்துச் சாப்பிடாதீர்கள்; டீ இரும்பை உடலில் சேரவிடாது. மலம் கறுப்பாகப் போனால் பயந்து நிறுத்தியும்விடாதீர்கள்.

கட்டி என்றால் புற்றுநோய் அல்ல

'கட்டி' என்று கேட்டதுமே மனம் புற்றுநோயை நினைத்துக்கொள்கிறது. உங்கள் ஸ்கேன் அறிக்கை சொல்வது நார்த்திசுக் கட்டி. நாற்பதைத் தாண்டிய பெண்களில் மிகப் பலருக்கு இது இருக்கும். பாதிப் பேருக்கு இருப்பதே தெரியாது. இவ்வகைக் கட்டி புற்றுநோயாக மாறுவது மிக மிக அரிது. மாதவிலக்கு நிற்கும் காலம் வந்ததும் தானாகச் சுருங்கவும் செய்யும். 'கர்ப்பப்பை சற்று வீங்கியிருக்கிறது' என்ற வரி, பிள்ளை பெற்ற ஏராளமான பெண்களின் அறிக்கையில் இருக்கும். அந்த வரி ஒரு நோயின் பெயரல்ல. அதைக் காட்டியே பெண்களைப் பயமுறுத்தி அறுவை சிகிச்சை மேசைக்குக் கொண்டுபோவதைப் பார்க்கும்போது எனக்கு ஆத்திரம் வருகிறது.

இது உங்கள் ஊரோடு நிற்கும் பிரச்சினையும் அல்ல. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்களில் 13,000-க்கும் மேற்பட்டவர்கள் கர்ப்பப்பையை எடுத்துவிட்டிருந்தது 2019-ல் வெளியே வந்தது. மாதவிலக்கு நாளில் வேலை கெடக் கூடாது என்ற நெருக்கடியும், 'விட்டால் புற்றுநோய்' என்று மருத்துவமனைகள் மூட்டிய பயமும் சேர்ந்து செய்த வேலை அது. தேவையற்ற கர்ப்பப்பை நீக்கத்தைத் தடுக்க மத்திய சுகாதார அமைச்சகம் 2022-ல் வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. அவற்றை மூன்று மாதங்களுக்குள் ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது.

உங்கள் ரத்தப்போக்குக்கு அந்த 3 செ.மீ. கட்டிதான் காரணம் என்றும் இன்னும் உறுதியாகவில்லை. அது கர்ப்பப்பையின் வெளிச்சுவரை ஒட்டி இருந்தால், இவ்வளவு ரத்தம் போக அது காரணமாக இருக்க வாய்ப்புக் குறைவு. உள்சவ்வுக்கு அருகில் இருந்தால் சிறியதே ஆனாலும் பாடாய்ப் படுத்தும். தைராய்டு குறைந்தாலும், நாற்பதுகளில் ஹார்மோன் ஏறி இறங்கினாலும் இப்படி ஆகலாம். எனவே தைராய்டு பரிசோதனை தேவை. நாற்பதைக் கடந்தவருக்கு இப்படி ரத்தம் போனால், கர்ப்பப்பையின் உள்சவ்விலிருந்து சிறு துணுக்கு எடுத்துப் பயாப்ஸி பார்ப்பதும் தேவை. புற்றுநோய் பயம் உண்மையிலேயே இருந்தால், அதைத் தீர்த்துவைக்கும் சோதனை அதுதான்.

சிகிச்சையில் உங்களுக்கு இருக்கும் வழிகள் பல. ரத்தம் போகும் நாட்களில் மட்டும் சாப்பிடும் டிரானெக்சாமிக் அமில மாத்திரை, போக்கைக் கணிசமாகக் குறைக்கும். ஏற்கெனவே காலிலோ நுரையீரலிலோ ரத்தக்கட்டு வந்திருந்தால் அது ஆகாது. மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். ஹார்மோன் மாத்திரைகள் உண்டு. காப்பர் டி போலவே கர்ப்பப்பைக்குள் பொருத்தும் ஹார்மோன் கருவியும் உண்டு. அதைப் பொருத்திய முதல் சில மாதங்கள் சொட்டுச் சொட்டாகப் படும். அதைப் பொறுத்துக்கொண்டால் பிறகு பல ஆண்டுகளுக்கு ரத்தப்போக்கு வெகுவாகக் குறைந்துவிடும். இவற்றில் எதுவும் பலன் தராமல் போனாலோ, பயாப்ஸியில் தவறாக ஏதாவது தெரிந்தாலோ, கர்ப்பப்பையை எடுப்பது சரியான சிகிச்சைதான்; அப்போது தயங்க வேண்டாம். ஆனால் அது முதல் படி அல்ல. எடுத்த பிறகு ஆறு வாரங்களாவது பாரம் தூக்கக் கூடாது. அத்தனை நாள் தழை சுமப்பது யார் என்பதையும் வீட்டில் பேசித்தான் ஆக வேண்டும். கர்ப்பப்பையோடு சினைப்பைகளையும் சேர்த்து எடுப்பதாகச் சொன்னால் ஏன் என்று கேளுங்கள். காரணமில்லாமல் இந்த வயதில் அவற்றை எடுத்தால் ஒரே நாளில் மாதவிலக்கு நின்ற நிலை வந்துவிடும். எலும்பும் இதயமும் பாதிக்கப்படும்.

இதில் கையெழுத்து உங்களுடையது. கணவர் கையெழுத்துப் போட்டால்தான் செல்லும் என்று சட்டம் சொல்லவில்லை. நீங்கள் எதற்குச் சம்மதித்தீர்களோ அதை மட்டுமே செய்ய முடியும். சமீரா கோலி என்ற பெண் சோதனைக்காக மட்டும் மயக்க மருந்துக்குச் சம்மதித்திருந்தார். அவர் மயக்கத்தில் இருக்கும்போது தாயாரிடம் சம்மதம் வாங்கி, கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். அது செல்லாது என்று 2008-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஸ்கேன் வேறு, செவிலியர் அழைக்கும் சோதனை வேறு

வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கும் ஸ்கேன், கர்ப்பப்பை வாயில் ஏற்படும் ஆரம்ப மாற்றங்களைக் காட்டாது. அதற்காகத்தான் 30 வயது கடந்த பெண்களை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைக்கிறார்கள். அங்கே செவிலியர் ஒரு சிறு கருவியை வைத்து உள்ளே பார்ப்பார். வினிகரில் இருப்பது போன்ற நீர்த்த அமிலத்தைப் பஞ்சில் தொட்டு வைத்து, ஒரு நிமிடம் காத்திருப்பார். சந்தேகமான இடம் இருந்தால் வெள்ளையாகத் தெரியும். லேசாகச் சுரீரென்று இருக்கலாம், அவ்வளவுதான். எதையும் வெட்டுவதில்லை. பஞ்சை வைத்து எடுப்பது முதல் முடிவு சொல்வது வரை, தடுப்பூசி போட்டுக்கொள்ள ஆகும் நேரத்தைவிடச் சற்றுக் கூடுதல். வெள்ளை தெரிந்தால் அதுவே புற்றுநோய் என்று பொருளல்ல. பெரிய மருத்துவமனையில் கருவி வைத்து உற்றுப் பார்ப்பார்கள். இந்த நோய் பெரும்பாலும் பல ஆண்டுகள் எடுத்து வளர்வது. அதனால் ஆரம்பத்திலேயே பிடித்துவிட முடியும்.

கர்ப்பப்பையை எடுத்தே ஆக வேண்டும் என்றாலும் இந்தச் சோதனை முதலில் முடிந்திருக்க வேண்டும். கர்ப்பப்பை வாயில் புற்றுநோய் ஒளிந்திருப்பது தெரியாமல் சாதாரண முறையில் கர்ப்பப்பையை எடுத்துவிட்டால், பிறகு சிகிச்சை மிகவும் சிக்கலாகிவிடும். அதே சமயம், இந்தச் சோதனையில் ஒன்றுமில்லை என்று வந்தாலும் உங்கள் ரத்தப்போக்குக்கு விடை கிடைத்ததாகாது. தொந்தரவு இல்லாதவர்களுக்கு முன்கூட்டிப் பார்க்கும் சோதனை அது. உங்களுக்குத் தொந்தரவு இருக்கிறது. எனவே மருத்துவரின் முழுப் பரிசோதனையும் கட்டாயம்.

தெருக்காரரிடம் எப்படிச் சொல்வது?

'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்ட் 5 அன்று உங்கள் பக்கத்து மாவட்டமான கிருஷ்ணகிரியின் சாமனப்பள்ளியில் தொடங்கியது. அந்தத் தன்னார்வலர்கள் மகளிர் சுய உதவிக் குழுக்களிலிருந்து வந்தவர்கள். அந்தக் குழுக்களுக்கும் உங்கள் மாவட்டமே தாய்வீடு: 1989-ல் தமிழ்நாட்டில் அவை தொடங்கியது தருமபுரியில்தான். உள்ளூர்ப் பெண் வருவதில் பெரிய பலம் உண்டு. உங்கள் மாமியார் மாத்திரையை நிறுத்தினால் அவருக்குத் தெரிந்துவிடும். வெளியூர் மருத்துவருக்குத் தெரியாது. உங்கள் மாவட்டத்துச் சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில் மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதா ரெஜியும் 1993-ல் தொடங்கிய பழங்குடியினர் மருத்துவப் பணியும் ஊர்ப் பெண்களைப் பயிற்றுவித்துத்தான் வளர்ந்தது. ஆயிரம் குழந்தைகளில் 147 பேர் ஒரு வயதுக்குள் இறந்துகொண்டிருந்த இடம் அது. அந்த எண்ணிக்கை 20-ஐ ஒட்டி இறங்கியதில் அந்தப் பெண்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

ஆனால் உங்கள் பயத்தை நான் தட்டிக்கழிக்கவில்லை. ஒரே தெருவில் வாழ்பவரிடம் எல்லாவற்றையும் சொல்ல முடியாது. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. அவர் உங்கள் கதையைக் கேட்கும் ஆளாக இருக்க வேண்டாம். வழியைத் திறந்துவிடும் ஆளாக இருந்தால் போதும். "எனக்கு ரத்தம் குறைவாக இருக்கிறது, பெண் மருத்துவரைப் பார்க்க வேண்டும், எந்தக் கிழமை வருவார்?" என்று மட்டும் கேளுங்கள். ரத்தம் குறைவு என்பது ஊரில் பாதிப் பேருக்கு இருக்கிறது. அதில் கிசுகிசுக்க ஒன்றுமில்லை. மாதவிலக்கு, உடலுறவு, வீட்டுச் சண்டை எல்லாவற்றையும் ஆரம்ப சுகாதார நிலையத்தில், கதவு சாத்திய அறையில், செவிலியரிடமோ மருத்துவரிடமோ சொல்லுங்கள். அதை வெளியே சொல்லாமல் காப்பது மருத்துவரின் தொழில் கடமை. ஆண் மருத்துவர் பரிசோதித்தால் உடன் ஒரு பெண் இருக்க வேண்டும் என்று கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. துணைக்கு, குழுவில் நீங்கள் நம்பும் ஒருவரை அழைத்துப் போங்கள். குழுக் கடன் கேட்பதைவிட, ஒரு நாள் கூட வரச் சொல்லிக் கேட்பது எளிது.

ஓரத்தில் எழுதிய வரிகள்

இதை வேறு மையில் எழுதியிருந்தாலும், கடிதம் எழுத உங்களை உட்கார வைத்ததே இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. எனவே நேராகவே சொல்கிறேன். கர்ப்பப்பையை எடுத்தால் அடி நிற்காது. 'வேண்டாம்' என்று நீங்கள் சொல்வதற்குத்தான் அடி விழுகிறது. உங்களுக்கு ரத்தம் போவதற்காக அல்ல. ரத்தப்போக்கு நின்ற பிறகு, மறுக்க உங்களிடம் ஒரு காரணம் குறைந்திருக்கும், அவ்வளவுதான். கணவருக்காக ஓர் உறுப்பை எடுத்துக்கொள்ள நினைக்கிறீர்கள் என்றால், அந்தக் கையெழுத்தை இப்போது போடாதீர்கள்.

தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 38 சதவீதம் பேர் கணவரின் வன்முறையை அனுபவித்ததாகத் தேசிய குடும்பநல ஆய்வில் சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் மட்டும் செய்த தவறு ஏதோ ஒன்றால் இது நடக்கவில்லை. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் அடியை மட்டுமல்ல, பாலியல் ரீதியான துன்புறுத்தலையும் வன்முறையாகவே கணக்கில் எடுக்கிறது. அந்தச் சட்டத்தின் 17-ஆவது பிரிவின்படி, வீடு யார் பெயரில் இருந்தாலும் குடும்பமாக வாழ்ந்த வீட்டில் குடியிருக்க உங்களுக்கு உரிமை உண்டு. மாமியார், மாமனார் பெயரில் உள்ள வீட்டுக்கும் இது பொருந்தும் என்று 2020-ல் சதீஷ் அகுஜா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. சட்டப்படியான உத்தரவு இல்லாமல் 'வெளியே போ' என்று யாரும் சொல்ல முடியாது.

போலீசுக்குப் போவது ஒன்றுதான் வழி என்று நினைக்கிறீர்கள். மாவட்ட சமூக நலத் துறையின்கீழ் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். அவர் மூலமாக நீதிபதியிடம் 'அடிக்கக் கூடாது' என்ற பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம். இந்த வழியில், அந்த உத்தரவை மீறினால்தான் குற்ற வழக்கு வரும். மாவட்டத் தலைநகரில் 'சகி' ஒருங்கிணைந்த சேவை மையம் இருக்கிறது. ஆலோசனை, மருத்துவ உதவி, சட்ட உதவி, தேவைப்பட்டால் ஐந்து நாட்கள் வரை தங்கும் இடம் ஆகியவை ஒரே இடத்தில் இலவசமாகக் கிடைக்கும். 181 என்ற எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம். பேசினாலே போலீஸ் வாசலில் வந்து நிற்கும் என்பதில்லை. கேட்பார்கள், வழி சொல்வார்கள். வழக்கறிஞர் தேவைப்பட்டால், பெண் என்ற ஒரே காரணத்தால், வருமானம் எவ்வளவாக இருந்தாலும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாகக் கிடைப்பார்.

ஆபத்தும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. இப்படி உதவி தேடுவது தெரியவரும் நேரத்தில் வன்முறை கூடலாம். கணவரும் பார்க்கும் கைபேசி என்றால் பக்கத்து வீட்டு எண்ணிலிருந்து பேசுங்கள். அல்லது அழைத்த பதிவை அழித்துவிடுங்கள். ஆதார், ரேஷன் அட்டை, வங்கிப் புத்தகம் ஆகியவற்றின் நகலைத் தாய்வீட்டிலோ நம்பிக்கையான தோழியிடமோ கொடுத்து வையுங்கள். அடிபட்டுச் சிகிச்சைக்குப் போனால் 'வழுக்கி விழுந்தேன்' என்று சொல்லாதீர்கள். நடந்ததைச் சொன்னால் அது ஆவணமாக இருக்கும். குடியை விட அவருக்கு விருப்பம் இருந்தால் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் சிகிச்சை உண்டு. ஆனால் அவர் குடியை விடும்வரை நீங்கள் அடி வாங்கிக்கொண்டு காத்திருக்க வேண்டியதில்லை.

இந்த வாரம்

அடகுக் கடைக்குப் போக வேண்டாம். ரத்தப்போக்கு இல்லாத நாளாகப் பார்த்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். போக்கு இருக்கும்போது அந்தக் கர்ப்பப்பை வாய்ச் சோதனை செய்ய மாட்டார்கள். செவ்வாய்க்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள், அன்று கர்ப்பிணிகள் நாள், கூட்டம் அதிகம். ஸ்கேன் அறிக்கை, ரத்தப் பரிசோதனைத் தாள், ஆதார், காப்பீட்டு அட்டை இருந்தால் அதுவும் கையில் இருக்கட்டும். எந்தத் தேதியில் தொடங்கி எத்தனை நாள் போனது, ஒரு நாளுக்கு எத்தனை முறை துணி மாற்றினீர்கள் என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்; மருத்துவருக்கு அது பெரிய உதவி. அங்கிருந்து தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மகப்பேறு, மகளிர் நோய்ப் பிரிவுக்குப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். பயாப்ஸி, ரத்தம் ஏற்றுவது, அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் அதுவும் அங்கே உங்கள் நகையைக் கேட்காமல் நடக்கும்.

அதற்கு முன்பே ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனையும் அளவுக்கு ரத்தம் போனாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, மயக்கம் வந்தாலோ நாள் பார்க்காதீர்கள், 108-ஐ அழையுங்கள். பயாப்ஸி முடிவு வந்ததும் எனக்கு மீண்டும் எழுதுங்கள். எடுக்க வேண்டுமா, வேண்டாமா என்பதை அந்தத் தாளை வைத்துக்கொண்டு பேசுவோம்.